ஒரு புள்ளியின் வரலாறு: மதீனா வீதிகளில் முகன்னஸ்கள்

ஆண் பெண்ணைப் போலவும் பெண் ஆணைப் போலவும் கோலம் பூணுவது பற்றி நம்மிடையே பேச்செழும் போதெல்லாம் பெரும்பாலும் ஒரே நபிமொழிதான் எடுத்தோதப்படுகிறது. அவ்விரு சாராரையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி அது. ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ள ஆதாரபூர்வமான செய்தி. அதில் ஐயத்திற்கு இடமில்லை. ஆயினும் அந்நபிமொழி ஒலித்த ஊரின் வீதிகளிலேயே அத்தகைய கோலத்தோடு வாழ்ந்தவர்கள் இருந்தார்கள் என்பதையும், அவர்களுடைய பெயர்கள் ஹதீஸ் தொகுப்புகளிலும் இலக்கிய ஏடுகளிலும் பதிவாகியுள்ளன என்பதையும், அவர்கள் தொழுதார்கள், பாடினார்கள், ஆளுநரின் அவைக்கு வந்து போனார்கள் என்பதையும் எடுத்துச் சொல்வோர் அரிதாகவே உள்ளனர். ஹிஜ்ரி முதல் நூற்றாண்டின் மதீனாவில் 'முகன்னஸ்' எனப்பட்டோரின் வரலாற்றை இங்கு சற்று விரிவாகக் காண்போம். சட்டத் தீர்ப்பு வழங்குவது நமது நோக்கமன்று. சட்டம் எதன்மேல் நின்றதோ அந்த வரலாற்றைப் படித்துப் பார்ப்பதே நோக்கம்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 'முகன்னஸ்' என்னும் சொல்லின் வேரில் நெகிழ்வு, வளைவு என்னும் பொருள்கள் உள்ளன. நடையிலும் குரலிலும் அசைவிலும் பெண்மையின் நெகிழ்வு தோன்றும் ஆண்மகனை அரபியர் அவ்வாறு அழைத்தனர். பிறப்புறுப்பால் ஆணென்றோ பெண்ணென்றோ தெளியப்படாதவருக்கு 'குன்ஸா' என்னும் வேறு சொல் உண்டு. வாரிசுரிமைச் சட்டத்தில் அவர்களுக்கென்றே தனிப்பகுதி உள்ளது. ஆண்மை நீக்கப்பட்டவர் 'கஸிய்யு'. இம்மூன்றும் மூன்று வேறு நிலைகள். தமிழில் சிலர் இம்மூன்றையும் 'அலி' என்ற ஒரே சொல்லால் பெயர்த்து விடுகின்றனர். அச்சொல் இன்று இழிசொல்லாகிவிட்டது என்பது ஒருபுறமிருக்க, மூலத்தின் பொருளையும் அது மறைத்துவிடுகிறது. 'திருநங்கை' என்னும் மதிப்பான சொல், தமிழக அரசு 2008இல் அவர்களுக்கென நல வாரியம் அமைத்த காலத்தில் பொது வழக்கில் வேரூன்றியது. ஆனால் பண்டைய மதீனாவின் முகன்னஸ் அனைவரையும் அச்சொல்லால் சுட்டுவதும் பொருந்தாது. அவர்களுள் சிலர் மணமுடித்துப் பிள்ளை பெற்றவர்கள். ஆகவே இக்கட்டுரையில் அரபுச் சொல்லையே ஆள்கிறோம்.

ஸ்பெயின் நாட்டு மாலிகி அறிஞர் இப்னு அப்துல் பர் (மறைவு: ஹிஜ்ரி 463 / 1071) முவத்தாவுக்கு எழுதிய விரிவுரையில் இச்சொல்லை விளக்கும்போது, ஒழுக்கக்கேடு அறியப்பட்டவன் மட்டுமே முகன்னஸ் என்று கொள்ளலாகாது என்கிறார். படைப்பிலேயே பெண்மை மிகுந்து, பேச்சிலும் பார்வையிலும் குரலின் இழைவிலும் பெண்ணை ஒத்திருப்பவனே முகன்னஸ் என்பதும், அவனிடம் ஒழுக்கக்கேடு இருப்பதும் இல்லாதிருப்பதும் வேறு செய்தி என்பதும் அவருடைய கருத்து. இக்கருத்தை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே வரும் செய்திகள் தெளிவாக விளங்கும்.

நபியவர்களின் காலத்தில் மதீனாவில் வாழ்ந்த முகன்னஸ்களுள் ஹீத் என்பவரின் பெயர் மிகவும் அறியப்பட்டது. உம்மு ஸலமா (ரலி) அவர்களின் இல்லத்திற்கு ஒரு முகன்னஸ் வந்துபோகும் வழக்கமுடையவராயிருந்தார் என்று புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்கின்றனர். அவர் பெயர் ஹீத் என்று விரிவுரையாளர்கள் குறிக்கின்றனர். பெண்கள் அவரிடம் திரையிட்டுக்கொள்ளவில்லை. பெண்ணாசையற்ற ஆண் பணியாளர்களுக்கு அந்நூர் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் அளிக்கும் விலக்கிற்குள் அவரும் அடங்குவதாக எண்ணியிருந்தனர். ஹிஜ்ரி 8இல் (630) தாயிஃப் முற்றுகையின்போது அந்த எண்ணம் கலைந்தது. உம்மு ஸலமாவின் சகோதரர் அப்துல்லாஹ்விடம் அவர், நாளை தாயிஃப் வெற்றிகொள்ளப்பட்டால் கைலானின் மகளைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் என்று கூறி, அப்பெண்ணின் உடலமைப்பை முன்புறமும் பின்புறமும் வருணிக்கத் தொடங்கினார். நபியவர்கள் அதைச் செவியுற்றார்கள். இனி இவர்கள் உங்களிடம் உள்ளே வரலாகாது என்று இல்லத்தாரிடம் அறிவித்தார்கள்.

இந்நிகழ்ச்சியைச் சற்று நிறுத்தி நோக்க வேண்டும். அதுவரை அவர் வந்துபோனதற்குத் தடையில்லை. அவருடைய நடையும் குரலும் அன்று புதிதாகத் தோன்றியவை அல்ல. தடை வந்தது ஒரு வீட்டுப் பெண்ணின் அழகை வேற்று ஆடவர் செவியில் போட்டபோதுதான். இமாம் தபரீ இதையே சான்றாகக் கொண்டு, அவர் அப்பெண்ணை வருணிக்கக் கேட்கும் வரை நபியவர்கள் தடுக்கவில்லை என்பதால், பிறவியிலேயே அவ்வியல்பு உடையவர்மேல் பழியில்லை என்று வாதிட்டதாக இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ எடுத்துரைக்கிறார். வாயிற்படிக்கு உள்ளே இருந்த செய்தி வாயிற்படிக்கு வெளியே போனதே குற்றம். வீதியில் நடந்ததற்காக எழுந்த தடையன்று அது.

பின்னர் அவர் ஊருக்கு வெளியே அனுப்பப்பட்டார். அபூதாவூதில் இதன் தொடர்ச்சியாக வரும் செய்தியை நம் சொற்பொழிவாளர்கள் ஏனோ தொடுவதில்லை. வெளியே அனுப்பினால் அவர் பசியால் மடிந்துவிடுவாரே என்று முறையிடப்பட்டபோது, வாரத்திற்கு இருமுறை ஊருக்குள் வந்து, உணவு கேட்டுப் பெற்றுத் திரும்ப நபியவர்கள் அனுமதியளித்தார்கள். வெளியேற்றப்பட்டவரும் பட்டினி கிடக்கக் கூடாது.

அபூதாவூதிலேயே அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக மற்றொரு செய்தியும் உள்ளது. கைகளிலும் கால்களிலும் மருதாணி இட்டிருந்த ஒருவரைப் பிடித்துக் கொண்டுவந்தனர். இவருக்கு என்ன என்று நபியவர்கள் வினவினார்கள். பெண்களைப் போல ஒப்பனை செய்கிறார் என்றனர். அவரை நகீஃ என்னும் இடத்திற்கு அனுப்பிவிட ஆணையிடப்பட்டது. அவரைக் கொன்றுவிடலாமா என்று கேட்கப்பட்டபோது, தொழுகையாளிகளைக் கொல்வது எனக்குத் தடுக்கப்பட்டுள்ளது என்னும் கருத்தில் விடை வந்தது. இதன் அறிவிப்பாளர் தொடரில் வரும் அபூ யஸார் என்பார் அறியப்படாதவர் என்று அபூஹாதிம் அர்ராஸீ கூறியுள்ளார். எனவே இதன்மேல் சட்டம் கட்டுவோர் எச்சரிக்கையாய் இருக்க வேண்டும். எனினும் இச்செய்தியைச் சொல்லி வந்தோரின் மனத்தில் அந்த மனிதர் யாராக இருந்தார் என்பதை இது காட்டுகிறது. மருதாணி இட்ட அந்தக் கைகள் தக்பீருக்காகவும் உயர்ந்த கைகள்.

இச்செய்தியின் இறுதியில் அபூ உஸாமா என்னும் அறிவிப்பாளர் ஒரு குறிப்பைச் சேர்க்கிறார்: நகீஃ என்பது மதீனாவின் புறத்தே உள்ள பகுதி, அது பகீஃ அன்று. நூனுக்கு மேலே ஒரு புள்ளி. பாவுக்குக் கீழே ஒரு புள்ளி. புள்ளி இடம் மாறினால் மேய்ச்சல் நிலம் கபரஸ்தானாகிவிடும். அரபுத்தமிழ் ஏடுகளை வாசித்துப் பழகிய நம் பாட்டிமார்களுக்கு ஒரு நுக்தாவின் மதிப்பு நன்கு தெரியும். இந்தப் புள்ளியை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். இன்னொரு புள்ளி பின்னால் வருகிறது.

நபியவர்களின் மறைவுக்குப் பின் ஐம்பது அறுபது ஆண்டுகளில் மதீனா பெரிதும் மாறிவிட்டது. ஆட்சித் தலைநகரம் முதலில் கூஃபாவுக்கும் பின்னர் திமிஷ்குக்கும் போய்விட்டது. வெற்றிகளால் வந்த செல்வமும் குறைஷியரின் மாளிகைகளும் ஊரில் தங்கின. அரசியல் மட்டும் தங்கவில்லை. பாரசீகக் கட்டடத் தொழிலாளரின் இசை செவிகளில் விழுந்தது. ஒருபுறம் 'ஏழு சட்ட அறிஞர்கள்' பள்ளிவாசலில் பாடம் நடத்த, மறுபுறம் இசை வளர்ந்தது. அவ்விசையை வளர்த்தோரில் முன்னணியில் நின்றவர்கள் முகன்னஸ்கள் என்பதை அபுல் ஃபரஜ் அல்இஸ்ஃபஹானீ (மறைவு: ஹிஜ்ரி 356 / 967) தமது 'கிதாபுல் அகானீ'யில் விரித்துரைக்கிறார். அகானீ ஹதீஸ் நூல் அன்று. அதில் வரும் செய்திகளை முஹத்திஸ்களின் தராசில் நிறுத்தால் பல நிற்கமாட்டா. ஆனால் ஓர் ஊரின் பேச்சும் சிரிப்பும் அச்சமும் எத்தகையவை என்று அறிய அதைவிடச் சிறந்த ஏடு வேறில்லை.

அவர்களுள் முதல்வர் துவைஸ். இயற்பெயர் ஈஸா பின் அப்துல்லாஹ். மக்ஸூம் குலத்தாரின் மவ்லா. 'தாவூஸ்' என்றால் மயில்; 'துவைஸ்' சிறுமயில். கஞ்சிரா போன்ற துஃப் ஒன்றே அவருடைய கருவி. மதீனாவில் இலக்கணம் அமைந்த இசையை முதன்முதலில் பாடியவர் அவரே என்பர். அவரைப் பற்றிய அரபுப் பழமொழி ஒன்று இசையைவிடப் புகழ்பெற்றது. துவைஸைவிட அபசகுனமானவர் என்பது அது. அதற்கு அவரே காரணம் சொன்னதாகக் கதை. நபியவர்கள் மறைந்த நாளில் (ஹிஜ்ரி 11 / 632) பிறந்தாராம். அபூபக்ர் (ரலி) மறைந்த நாளில் பால்குடி மறந்தாராம். உமர் (ரலி) கொல்லப்பட்ட நாளில் கத்னா. உஸ்மான் (ரலி) கொல்லப்பட்ட நாளில் திருமணம். அலி (ரலி) கொல்லப்பட்ட நாளில் குழந்தை பிறந்தது. இத்தனையும் ஒருவர் வாழ்வில் பொருந்தி வந்தன என்று நம்ப வேண்டியதில்லை. ஒரு முகன்னஸின் வாழ்க்கைக் கணக்கைச் சமுதாயத்தின் துயரக் கணக்கோடு சேர்த்துக் கட்டிச் சிரித்திருக்கிறார்கள். தன்னைத்தானே பகடி செய்துகொள்ளும் உரிமையை அவரும் கைவிடவில்லை.

அவர் வெளியில் எவ்வாறு தோன்றினார் என்பதைக் காட்டும் ஒரு செய்தி நமக்கு மிகவும் பயன்படும். உஸ்மான் (ரலி) அவர்களின் மகன் அபான், ஹிஜ்ரி 76 முதல் (695) சில ஆண்டுகள் மதீனாவின் ஆளுநராயிருந்தார். ஹதீஸ் அறிவிப்பாளராகவும் மதிக்கப்பட்டவர். பதவியேற்று வந்த அவரை வரவேற்க வந்தோரில் துவைஸும் ஒருவர். உங்களை ஆளுநராகக் கண்டால் முழங்கைவரை மருதாணி இட்டு உங்கள் முன்னே துஃப் கொட்டுவதாக நேர்ந்திருந்தேன் என்று சொல்லி, அவ்வாறே கொட்டிப் பாடினார். அபான் மகிழ்ந்து அவரை அருகில் அமர்த்தினார். பின்பு, நீ காஃபிர் என்று சிலர் சொல்கிறார்களே என்று கேட்டார். துவைஸ் கலிமாவை மொழிந்து, தாம் ஐவேளை தொழுவதையும் ரமளானில் நோன்பு நோற்பதையும் ஹஜ் செய்வதையும் எடுத்துரைத்தார். நீர் மூத்தவரா, என் சகோதரர் அம்ர் மூத்தவரா என்று அபான் வினவ, உங்கள் முபாரக்கான தாயார் உங்கள் தய்யிபான தந்தைக்கு மணமகளாக ஊர்வலம் வந்தபோது நம் குலப் பெண்களோடு அவருடைய ஆடையின் ஓரத்தைப் பிடித்து நடந்தவன் நான் என்றார். தாயைத் தய்யிப் என்னாமல் முபாரக் என்ற சொல்நயத்தை அரபு இலக்கிய அறிஞர்கள் வியந்துள்ளனர். மகன் முன்னிலையில் தாயைப் பேசும்போது எந்த அடைமொழி நாணம் காக்கும் என்பது துவைஸுக்குத் தெரிந்திருந்தது. ஹிஜ்ரி 11இல் பிறந்தவர் அத்திருமணத்தில் எத்தனை வயதினராயிருந்திருப்பார் என்று கணக்கிட்டால் கதை சற்று இடிக்கத்தான் செய்கிறது. அது கிடக்கட்டும். முழங்கைவரை மருதாணியோடு கலீஃபாவின் மகன்முன் வந்து நிற்க ஒருவரால் இயன்றது என்பதையும், அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி மருதாணியைப் பற்றியதாக அல்லாமல் ஈமானைப் பற்றியதாக இருந்தது என்பதையும் மதீனாவாசிகள் நம்பத்தக்க செய்தியாகக் கொண்டார்கள்.

ஆடையைப் பற்றி ஒரு சொல். இவர்கள் முழுவதும் பெண்ணுடையே அணிந்தனர் என்பதற்கு ஏடுகளில் சான்று குறைவு. மருதாணி, நடை, குரல், பெண்களின் கூட்டத்தில் புழங்குதல் ஆகியவையே அடையாளங்களாகக் குறிக்கப்படுகின்றன. எது ஆணுடை, எது பெண்ணுடை என்பது ஒவ்வொரு நாட்டின் வழக்கத்தையும் பொறுத்தது என்றும், சில சமூகங்களில் ஆண் பெண் உடுப்பில் வேறுபாடே இருக்காது, பெண்கள் மறைத்துக்கொள்வதே வேறுபாடு என்றும் இப்னு ஹஜர் எழுதுகிறார். நம் ஊர்க் கைலியை எண்ணிப் பார்த்தால் அவர் கூற்றின் நுட்பம் புரியும். இடுப்பில் சுற்றிய தைத்த துணி ஒரு நாட்டில் பெண்ணுடை, நம் கடற்கரை ஊர்களிலோ ஜும்ஆவுக்குச் செல்லும் ஆடவரின் உடை.

பள்ளிவாசலுக்கும் அவர்கள் வந்தார்கள் என்பதற்கு அகானீயை நம்ப வேண்டியதில்லை, புகாரியே சான்று. குழப்பத்திற்கு ஆளானவர், பித்அத்காரர் ஆகியோரின் இமாமத்தைப் பற்றிய பாடத்தில், தவிர்க்கவியலாத நிலையிலன்றி முகன்னஸைப் பின்பற்றித் தொழலாகாது என்னும் இமாம் ஸுஹ்ரீ (மறைவு: ஹிஜ்ரி 124 / 742) அவர்களின் கருத்தை இமாம் புகாரீ எடுத்தாள்கிறார். ஸுஹ்ரீ மதீனாவில் வளர்ந்தவர், துவைஸின் காலத்தவர். இல்லாத ஒருவரின் இமாமத்தைப் பற்றி யாரும் சட்டம் பேசுவதில்லை. அவர் முன்னே நிற்பதைத்தான் ஸுஹ்ரீ விரும்பவில்லை. அதிலும் தவிர்க்கவியலாத நிலைக்கு இடம் வைத்தார்.

மாலிக் (ரஹ்) அவர்களைப் பற்றியும் அகானீயில் ஒரு கதை உண்டு. மதீனாவின் தெருவொன்றில் ஒருவர் தனியே பாடிக்கொண்டு போகையில் பலகணி திறந்து, செம்மை படர்ந்த தாடியுடன் ஒரு முகம் தோன்றி, பாட்டைக் கெடுத்துவிட்டாய் என்று கடிந்து, தாமே பாடிக் காட்டியதாம். துவைஸே உயிர்த்தெழுந்து வந்தாரோ என்று பாடகர் திகைத்தாராம். அந்த முகம் மாலிக் பின் அனஸ் என்கிறது கதை. இதை நாம் ஏற்கவில்லை. ஆனால் ஓர் இமாமைப் புகழ நினைத்த கதைசொல்லி ஒப்புமைக்கு யாரைத் தேடினார் என்பதைக் கவனிக்கலாம்.

இத்தனை இசைவிற்கும் நடுவே கொடுமையும் இருந்தது. ஆளுநர் யஹ்யா பின் அல்ஹகம் (சிலர் மர்வான் பின் அல்ஹகம் என்பர்) காலத்தில் நுகாஷீ என்னும் முகன்னஸ் பிடிபட்டார். உம்முல் குர்ஆனை ஓது என்று ஆளுநர் கேட்க, மகள்களையே அறியேன், தாயை எங்ஙனம் அறிவேன் என்று அவர் வேடிக்கையாக விடையளித்தார். அந்த வேடிக்கைக்கு விலை அவருடைய தலை. பின்னர் முகன்னஸ்களைப் பிடித்துத் தருவோர்க்குப் பரிசு என்று அறிவிப்பாயிற்று. துவைஸ் மதீனாவை விட்டு, ஷாம் செல்லும் வழியில் இரண்டு இரவுப் பயணத் தொலைவிலுள்ள ஸுவைதாவுக்குப் போய்விட்டார். ஹிஜ்ரி 92இல் (711) மறையும்வரை அங்கேயே இருந்தார். நுகாஷீ கொல்லப்பட்டது குர்ஆனை எள்ளினார் என்ற காரணத்தால் எனலாம். ஆனால் ஒருவர் நாவுக்காக மற்றவர்கள் அனைவரின் தலைக்கும் விலை வைத்ததற்கு எந்த மத்ஹபிலும் நியாயம் காண இயலாது.

இனி அந்தப் புள்ளி. துவைஸுக்குப் பின் புகழ்பெற்றவர் தலால். இயற்பெயர் நாஃபித், ஃபஹ்ம் குலத்தாரின் மவ்லா, அழகும் நாவன்மையும் மிக்கவர். 'தலால்' என்றாலே நளினம் என்று பொருள். மணப்பெண் தேடும் ஆடவர்க்கும் மணமகன் தேடும் பெண்களுக்கும் இடையே தூது செல்வது அவர் தொழில்களுள் ஒன்று. ஹீத் செய்ததையே இவர் வாழ்வாகக் கொண்டார் என்று சொன்னால் மிகையாகாது. பெரிய வீட்டு மகளிர் அவரைக் கூடச் சூழ்ந்திருப்பதையும், அவர் சொற்கேட்டு மணங்கள் கூடுவதையும் பிரிவதையும் ஆடவர் பலர் விரும்பவில்லை. கலீஃபா ஸுலைமான் பின் அப்துல் மலிக் (ஆட்சி: ஹிஜ்ரி 96–99 / 715–717) ஓரிரவு பாசறையில் ஒரு பாடகனின் குரலைத் தம் அடிமைப்பெண் உற்றுக்கேட்டதைக் கண்டு பொறாமையுற்றார் என்றும், இந்த இசையின் ஊற்று எங்கே என்று விசாரித்தபோது மதீனா என்றும் முகன்னஸ்கள் என்றும் விடை வந்தது என்றும் ஒரு செய்தி. உடனே மதீனாவின் ஆளுநருக்குக் கடிதம் பறந்தது.

கடிதத்தில் இருந்தது ஒரு சொல். 'அஹ்ஸி' என்று வாசித்தால், முகன்னஸ்களை எண்ணிக் கணக்கெடு. ஹாவின்மேல் ஒரு புள்ளி இருந்தால் அது காவாகிவிடும். 'இக்ஸி', அவர்களைக் காயடி. ஆளுநர் இரண்டாவதையே நிறைவேற்றினார். கலீஃபா கேட்டது கணக்குத்தான், எழுத்தரின் பேனா சிந்திய மைத்துளி புள்ளியாகிவிட்டது என்று ஒரு சாரார் கூறினர். இல்லை, அந்தப் புள்ளி பேரீச்சம்பழம் போலத் தெளிவாகவே தெரிந்தது என்று மறுத்தவரும் உண்டு. இக்கதை அரபு நூல்களில் எழுத்துப்பிழைக்கு எடுத்துக்காட்டாகவே பெரும்பாலும் வழங்குகிறது. நம் மதரஸாக்களிலும் 'தஸ்ஹீஃப்' பாடத்தில் இதைச் சொல்லி மாணவரைச் சிரிக்க வைப்பது உண்டு. அறுக்கப்பட்டவர்கள் மனிதர்கள் என்பது அந்தச் சிரிப்பில் மறைந்துவிடுகிறது.

புள்ளிக் கதை உண்மையா? ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில் புள்ளியிடுதல் சிக்கனமாகவே இருந்தது; ஆனால் இல்லாமலில்லை. வியன்னாவில் உள்ள ஹிஜ்ரி 22ஆம் ஆண்டின் (643) பாப்பிரஸ் ஏட்டிலேயே சில எழுத்துகளுக்குப் புள்ளிகள் காணப்படுகின்றன. எனவே மயக்கம் நேர வாய்ப்பு உண்டு. ஆயினும் மனிதரின் உடலை அறுக்கும் ஆணையை, ஐயம் எழுந்தால் மறுகடிதம் எழுதிக் கேட்காமல் நிறைவேற்றுபவர் யார்? இங்குதான் அந்த ஆளுநரின் பெயர் முக்கியமாகிறது. அபூபக்ர் பின் முஹம்மத் பின் அம்ர் பின் ஹஸ்ம். மதீனாவின் காழியாயிருந்தவர், நம்பகமான ஹதீஸ் அறிவிப்பாளர். உஸ்மான் பின் மழ்ஊன் (ரலி) துறவு நாடியதையும் ஆண்மை நீக்கத்தையும் நபியவர்கள் மறுத்த செய்தியும், போர்க்களத்தில் மனைவியரின்றித் தவித்த தோழர்கள் அனுமதி கேட்டபோது தடுத்த செய்தியும் அவர் போன்றோர்க்குத் தெரியாதிருந்திருக்க முடியாது. தன் உடலிலேயே செய்துகொள்ள அனுமதியில்லாத ஒன்றைப் பிறர் உடலில் செய்ய எவருக்கு அனுமதி?

அதனால்தான் புள்ளி தேவைப்பட்டது என்பது நமது கருத்து. கலீஃபாவைக் குற்றஞ்சாட்டினால் ஆட்சியின் மானம் போகும். ஆளுநரைக் குற்றஞ்சாட்டினால் இல்மின் மானம் போகும். மையைக் குற்றஞ்சாட்டினால் யாருக்கும் பழியில்லை. நடந்தது அநீதி என்று மதீனாவின் நெஞ்சுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு இக்கதையே வலுவான சான்று. நியாயமான தண்டனையாக மக்கள் கருதியிருந்தால் அதற்கொரு விபத்தை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். இம்முகன்னஸ்களைப் பற்றி 1991இல் விரிவான ஆய்வுக் கட்டுரை எழுதிய அமெரிக்க அறிஞர் எவரெட் ரௌஸன், ஒறுப்புக்குக் காரணம் பாலியல் ஒழுக்கம் என்பதைவிட, மகளிரிடையே அவர்களுக்கிருந்த நெருக்கமும் இசையின் செல்வாக்குமே என்று காட்டுகிறார். தூது செல்லும் நாவைக் கட்ட நினைத்த ஆட்சி உடலை வெட்டியது.

அறுக்கப்பட்டவர்களின் பட்டியலும் அவர்கள் ஒவ்வொருவரும் சொன்னதாக ஒரு சொல்லும் ஏடுகளில் உள்ளன. அவர்கள் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர்களைப் பாருங்கள்: வைகறைத் தென்றல் (நஸீமுஸ் ஸஹர்), முற்பகல் துயில் (நவ்மத்துள் ளுஹா), நெஞ்சின் குளிர்ச்சி (பர்துல் ஃபுஆத்), மரநிழல் (ழில்லுஷ் ஷஜர்). ஒருவர் இதை இரண்டாம் கத்னா என்றாராம். அடுத்தவர் இதுவே பெரிய கத்னா என்றாராம். இப்போதுதான் உண்மையான முகன்னஸானோம் என்றார் ஒருவர். இல்லை, உண்மையான பெண்களானோம் என்றார் இன்னொருவர். பட்டியலின் தலைப்பில் துவைஸின் பெயரும் உள்ளது. துவைஸ் இறந்தது ஹிஜ்ரி 92இல். ஸுலைமான் ஆட்சிக்கு வந்தது 96இல். நான்கு ஆண்டுகளுக்கு முன் இறந்தவரை எப்படி அறுத்தார்கள்? ஆகவே இந்தச் சொற்களைப் பின்னாளில் கோத்தவர்கள் யாரோ. வலியில் கிடந்தவர்கள் அன்று என்ன சொன்னார்கள் என்பதை எழுதிவைக்க எவரும் அங்கே அமர்ந்திருக்கவில்லை. அவர்கள் வாயில் நகைச்சுவையைத் திணித்தால் கேட்போர்க்கு நெஞ்சுறுத்தல் குறையும் அல்லவா!

சிரிக்காத ஒருவர் இருந்தார். அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களின் வழித்தோன்றலான இப்னு அபீ அதீக், தலாலுக்கு நேர்ந்ததைக் கேள்வியுற்றபோது, அவர் பாடிச் சிறப்பித்த ஒரு பாட்டை நினைவுகூர்ந்து வருந்தினார் என்பது அகானீயின் செய்தி. தொழுகைக்காகக் கிப்லாவை நோக்கி நின்றவர், தக்பீர் கட்டும் முன் மீண்டும் திரும்பி அந்தப் பாட்டைப் பற்றி இன்னொரு சொல் சொன்னாராம்.

பின்வந்த காலத்தை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாஸியர் காலத்தில் முகன்னஸ் இசைமேதையாக அல்லாமல் அரசவை விகடராகவே தோன்றுகிறார். முதவக்கிலின் (ஆட்சி: 847–861) அவையில் அலி (ரலி) அவர்களைப் போல் நடித்துக் கேலி செய்த அப்பாதா அதற்கு இழிவான எடுத்துக்காட்டு. மறுபுறம், கலீஃபா அமீனின் (ஆட்சி: 809–813) அன்னை ஸுபைதா, அடிமைப் பெண்களுக்குத் தலைப்பாகையும் கபாவும் இடைக்கச்சும் அணிவித்து ஆண் ஏவலர் கோலத்தில் நிறுத்தினார் என்றும், அவ்வழக்கம் பக்தாதின் உயர்குடியினரிடையே பரவியது என்றும் மஸ்ஊதீ எழுதுகிறார். சாப மொழியின் மறுபாதி, பெண் ஆணைப் போலாவது, அங்கே அரண்மனையின் அழகுப்பொருளாயிற்று. அப்பெண்களுக்காக எந்த ஆளுநருக்கும் கடிதம் போகவில்லை. ஏழை முகன்னஸின் மருதாணி கண்ணில் பட்டது. அரசியின் வீட்டுத் தலைப்பாகை கண்ணில் படவில்லை.

சட்ட அறிஞர்கள் பிற்காலத்தில் இச்செய்திகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஒரு பகுப்புக்கு வந்தனர். இமாம் நவவீ (மறைவு: ஹிஜ்ரி 676 / 1277) முஸ்லிமின் விரிவுரையில் முகன்னஸ்களை இரு வகையாக்குகிறார். படைப்பிலேயே அவ்வியல்பு அமைந்தவர், தாமாக வலிந்து மேற்கொள்பவர். முதலாமவருக்குப் பழியில்லை, பாவமில்லை, தண்டனையில்லை. சாப மொழி இரண்டாமவரையே சாரும். இப்னு ஹஜர் (மறைவு: ஹிஜ்ரி 852 / 1449) இதற்கு ஒரு வரம்பு கட்டுகிறார். இயல்பாக அமைந்தவரும் படிப்படியாக அதை விட முயல வேண்டும், விட இயன்றும் மனமொப்பித் தொடர்ந்தால் பழி சேரும்; முயன்றும் இயலாதவர்க்கே நவவீயின் விலக்கு என்கிறார். இரு பெரியார்களிடையே உள்ள இவ்வேறுபாடு சிறியதன்று. ஒருவருடைய நடையும் குரலும் வலிந்து கொண்டவையா, வாய்த்தவையா என்பதை வீதியில் நிற்கும் நாம் எதைக்கொண்டு தெளிவது? இருவருமே அத்தீர்ப்பை வழிப்போக்கர் கையில் கொடுக்கவில்லை.

நம் காலத்தில் பேருந்து நிலையத்திலோ கடைத்தெருவிலோ இத்தகையோரைக் கண்டு கல்லெறிவோரும், வீட்டைவிட்டுத் துரத்திய பின் பெயரைக்கூடச் சொல்ல மறுக்கும் குடும்பத்தாரும் தங்கள் செயலுக்கு மார்க்கத்தைத் துணைக்கு அழைக்கின்றனர். ஊருக்கு வெளியே அனுப்பப்பட்டவருக்கும் வாரத்திற்கு இருமுறை உணவுக்கு வழிவிடப்பட்டது என்ற செய்தி அவர்கள் செவிக்கு எட்டியதா என்று கேட்கத் தோன்றுகிறது. ஜனாஸா தொழவைக்கத் தயங்கும் ஊர்களும் உண்டு என்று கேள்வியுறும்போது, தொழுகையாளி என்னும் அந்த ஒரு சொல் நினைவுக்கு வராமல் போவதில்லை.

இப்னு ஹஸ்மைப் பற்றி இன்னும் ஒன்று எஞ்சியுள்ளது. ஸுலைமானுக்குப் பின் உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) ஆட்சிக்கு வந்தார் (ஹிஜ்ரி 99–101 / 717–720). அவரும் மதீனாவின் இதே ஆளுநருக்கு ஒரு கடிதம் எழுதினார். நபிமொழிகளைத் தேடி எழுதிவையுங்கள். அறிந்தோர் மறைந்தால் அறிவும் மறைந்துவிடும் என்று அஞ்சுகிறேன் என்பது அதன் சாரம். ஹதீஸ் தொகுப்பு வரலாற்றின் தொடக்கமாக நாம் மாணவர்க்குச் சொல்லித்தரும் கடிதம் அது; இமாம் புகாரீ கல்விப் பகுதியில் அதைக் குறிப்பிடுகிறார். முந்தைய கடிதத்தை வாசித்த கண்களே இதையும் வாசித்தன. இம்முறை புள்ளியைப் பற்றி எவரும் ஐயம் எழுப்பியதாகச் செய்தியில்லை.